பதில் சொல்கிறவன்

சங்கரலிங்கத்தின் மகள் விஜயகுமாரி தத்துவம் படித்துவிட்டு வந்தபோது, அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது என்று நெய்வேலியில் ஒருவருக்கும் தெரியவில்லை. மெக்கானிக்கல் படித்தவன் சுரங்கத்துக்குப் போவான். எலெக்ட்ரிகல் படித்தவன் அனல்மின் நிலையத்துக்குப் போவான். தத்துவம் படித்தவள் எந்த பஸ்ஸில் ஏறுவாள்? அவள் மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, வரலாறும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கும்போது அவள் எழுதிய ஆய்வேடு, பழைய கிரேக்கர்களின் தத்துவ உரையாடல்களைப் பற்றியது. அந்த நாட்டில் சிலர் தத்துவத்தைப் பாடமாக எழுதவில்லை, பேச்சாக எழுதினார்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார். கேட்கிறவர் தன் கருத்து இன்னதென்று கடைசிவரை காட்டிக்கொள்ள மாட்டார். "இது சரிதானே?" என்பார். "சரிதான்" என்பான் மற்றவன். "அப்படியானால் இதுவும் சரிதானே?" என்பார். "அதுவும் சரிதான்." இப்படிப் படிப்படியாக இறங்கிப் பார்த்தால், பதில் சொன்னவன் தான் முதலில் நின்ற இடத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருப்பான். அவனை யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள், தன் காலாலேயே நடந்து வந்திருப்பான். விஜயகுமாரிக்கு இந்த உத்தி மேல் அப்படியொரு மயக்கம். ஒருவரை ஏற்கவைக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது என்று அவள் நம்பினாள்.

அந்த நம்பிக்கையைச் சொந்த வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு காரணமும் வாய்த்தது.

முந்தைய வருஷத்து ஐப்பசி மழையில் நடந்த விஷயம். சங்கரலிங்கம் சுரங்கத்தில் ஷிப்ட் ஃபோர்மேன். வெட்டிய நிலக்கரியை மேலே ஏற்றிக்கொண்டுபோகும் பெல்ட்டை ஓட்டுவது அவர் பொறுப்பு. அந்த பெல்ட்டில் ஒரு ஜாயிண்ட் பிரியத் தொடங்கியிருந்ததை, பராமரிப்புப் பிரிவிலிருந்த கோபாலகிருஷ்ணன் பார்த்துவிட்டு, "நிறுத்திப்போட்டு ஒட்டிட்டு ஓட்டப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷிப்ட் முடிகிற நேரம். நிறுத்தினால் அன்றைய கணக்கு குறையும். சங்கரலிங்கம் ஓட்டினார். பெல்ட் நீளவாட்டில் கிழிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலை நின்றது, என்கொயரி வந்தது.

என்கொயரியில் சங்கரலிங்கம், "ஜாயிண்ட் விஷயம் என் காதுக்கு வரலை" என்றார். அப்படியானால் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ள நின்ற தனகோட்டிதான் கவனிக்கத் தவறியிருக்க வேண்டும். தனகோட்டி குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரன். பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, அப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருந்தான். அடுத்து கோபாலகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் ஃபோர்மேன்கிட்டச் சொன்னேன்" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் தனகோட்டியின் வேலை தப்பியது, சங்கரலிங்கத்தின் பதவி உயர்வு போயிற்று. சுரங்கத்திலிருந்து ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு மாற்றினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த சங்கரலிங்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த கோபாலகிருஷ்ணனும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவர்கள், ஒரே பிளாக்கில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர்கள். விஜயகுமாரி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். என்கொயரிக்குப் பிறகு சங்கரலிங்கம் அவரை எதிரில் கண்டால் சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்பினார். விஜயகுமாரியின் அம்மா இசக்கியம்மாளும் கோபாலகிருஷ்ணன் மனைவி பொன்னம்மாளும் மட்டும் கூட்டுறவுப் பண்டகசாலை வரிசையில் பார்த்தால் எப்போதும்போலப் பேசிக்கொண்டார்கள்.

மாமா செய்தது சரி என்று விஜயகுமாரி நினைத்தாள். அப்பாவும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விரும்பினாள். ஒருநாள் சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, உண்மையைச் சொல்றது நல்லதுதானே?"

"ஆமா."

"நண்பன்னா நமக்கு நல்லது செய்யணும், இல்லையா?"

"ஆமா."

"நம்மால ஒரு ஏழைக்கு வேலை போனா, அது நமக்கு நல்லதா?"

"இல்ல."

"அப்போ அதைத் தடுக்கிறவன் நமக்கு நல்லது செய்யறவன்தானே?"

சங்கரலிங்கம் அவளை ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீ கேக்குத கேள்விக்கெல்லாம் ஆமான்னுதான் சொல்ல முடியும். அதனால நீ நினைக்கது எனக்குள்ள வந்துருமாக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

தோற்றுப்போனதாக விஜயகுமாரி எண்ணவில்லை. அப்பா எழுந்துபோக முடிகிற இடத்தில் ஆரம்பித்ததுதான் தவறு என்று எண்ணினாள்.

அந்தச் சமயத்தில் டவுன்ஷிப் பொழுதுபோக்கு மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. ஒரு நிகழ்ச்சி குறைகிறது, டீச்சர் ஏதாவது எழுதித் தரமுடியுமா என்று செயலாளர் வந்து கேட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் தலைப்பு வைத்துவிட்டாள்: "நண்பன் யார்?" மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர். கேட்கிறவள் அவளே. பதில் சொல்கிறவர் கருணாகரன்.

கருணாகரன் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ஆனால் டவுன்ஷிப்பில் அவரைக் கணக்குப் பிரிவு ஆளாக நினைப்பவர் யாரும் இல்லை. மன்றத்து நாடகங்களில் ராஜாவும் அவரே, ராஜாவைக் கவிழ்க்கிற மந்திரியும் அவரே. மேடையில் அவர் கழுத்தைத் திருப்பினாலே கைதட்டல் விழும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். தெருவில் நடக்கும்போதும் கழுத்தை அப்படித்தான் திருப்புவார்.

முதல் ஒத்திகையில் கருணாகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பகுதியைப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"டீச்சர், பக்கத்துக்குப் பக்கம் எனக்கு 'ஆமாம்'தான் இருக்கு. நடுவில ஒரு இடத்தில 'வேறெப்படி இருக்க முடியும்'னு வருது. அதுதான் எனக்கு இருக்கிற பெரிய வசனம்."

"வசனம் முக்கியமில்ல சார். அவர் கொஞ்சம் கொஞ்சமா மாறறாரு பாருங்க, அது முக்கியம்."

"அவருன்னா யாரு?"

"பதில் சொல்றவர்."

"அதான் கேக்கறேன். யாரு அவரு? எங்க வேலை பாக்கறாரு? கல்யாணம் ஆச்சா? எதுக்காக உங்ககிட்ட வந்து உக்காந்திருக்காரு? நான் ராஜா வேஷம் கட்டினா ராஜாவுக்கு ஒரு நாடு இருக்கு. திருடன் வேஷம் கட்டினா பசி இருக்கு. இவருக்கு ஒண்ணுமே இல்லையே. ஆமாம் போட ஒரு வாய் மட்டும் இருக்கு."

விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது. "இது வேஷம் கட்டற நாடகம் இல்ல சார். இதில கருத்துதான் பாத்திரம்."

"சரிங்க. அப்போ கருத்தே வந்து மேடையில உக்காரட்டும், என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் கருணாகரன். கோபமாகச் சொல்லவில்லை. தன் பகுதி சின்னதாக இருக்கிற வருத்தம் அதில் நிறைய இருந்தது. "இன்னொண்ணு சொல்றேன். நாலாவது கேள்வியிலயே இந்தாளுக்கு விஷயம் புரிஞ்சிருக்கணும், நம்மளை எங்கயோ இழுத்துக்கிட்டுப் போறாங்கன்னு. அதுக்கப்புறமும் ஆமாம்னு சொல்றான்னா ஒண்ணு அவன் முட்டாள், இல்லேன்னா எழுதினவங்க அவன் வாயைக் கட்டிப்போட்டிருக்காங்க. முட்டாளா நடிக்கணும்னா சொல்லுங்க, நடிக்கறேன். எனக்கு வரும்."

அவள் காகிதங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டினாள். கைதட்டலுக்கு அலைகிற மனுஷன், அவருக்கு என்ன தெரியும்? திட்டி முடிந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. யார் அவர்?

டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நூல்களை எடுத்தாள். ஆய்வேடு எழுதும்போது வாதங்களுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். கோடு போடாத பகுதிகளை இப்போது படித்தாள். யார் யாரை எந்தத் தெருவில் சந்தித்தார், யார் வீட்டில் விருந்து, எவன் யாருடைய மகன், எவனுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. ஒருவன் பாதியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உன் திருப்திக்காக ஆமாம் என்று வைத்துக்கொள் என்கிறான். ஒருவன் அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிடுகிறான். பேச்சு எந்த முடிவுக்கும் வராமல், நம் இருவருக்குமே தெரியவில்லை, இன்னொரு நாள் பார்ப்போம் என்று கலைகிற இடங்களும் இருந்தன. இவற்றையெல்லாம் ஆய்வேட்டில் 'இலக்கிய அலங்காரம்' என்று ஒரே பத்தியில் அவள் முடித்திருந்தாள். இப்போது பார்த்தால், எழுதியவர்கள் மிகுந்த கவனத்தோடு அந்தச் சங்கடங்களை வைத்திருந்தார்கள். கேட்கிறவர் ஜெயிப்பதைக் காட்டிய அதே கை, அந்த ஜெயம் எதிராளியின் மனசுக்குள் போகாமல் நிற்பதையும் காட்டியிருந்தது. அதை மறைத்தவர்கள் அவர்கள் இல்லை. அவள்தான் படிக்காமல் தாண்டியிருந்தாள்.

தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். பதில் சொல்கிறவன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அது அவள் அப்பா. ஆனால் அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தைகூட அவள் வாங்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரலிங்கம் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் முருங்கையைக் கழித்துக்கொண்டிருந்தார். விஜயகுமாரி வெட்டிய கிளைகளை இழுத்து வேலியோரம் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"என்கொயரிக்கு முந்தின நாள் என்னப்பா நடந்துச்சு?"

"எதுக்குக் கேக்க?"

"எனக்குத் தெரியாது. அதனால கேக்கறேன்."

அவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இரண்டு கிளைகளை வெட்டினார். அவள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்கவில்லை. அதனால் சும்மா நின்றாள். அப்படி நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியமாக இருந்தது.

"முந்தின நாள் சாயங்காலம் வந்தான்" என்றார் சங்கரலிங்கம். "வாசப்பக்கம் நாற்காலி போட்டு இருந்தோம். உங்க அம்மை காப்பி குடுத்தா. குடிச்சான். பொன்னம்மாவுக்கு முட்டு வலி தேவலைன்னான். மழை இந்த வருஷம் ஜாஸ்தின்னான். ரேடியோவில செய்தி முடியற வரைக்கும் இருந்தான். போயிட்டு வாரேன்னு எந்திச்சுப் போயிட்டான். மறுநாள் அங்க போயி, நான் சொன்னேன்னுட்டான்."

அவள் ஒரு கிளையை இழுத்து வேலியோரம் போட்டாள்.

"அவன் சொன்னது பொய்யின்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கனா? நான் சொன்னதுதான் பொய்யி. அது எனக்குத் தெரியாதா? ஆனா என் வீட்டுக் காப்பியைக் குடிச்சுக்கிட்டு இருந்தாம்லா, அப்போ ஒரு வார்த்தை. நாளைக்கு உள்ளதைச் சொல்லப்போறேம்டா சங்கரலிங்கம்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு அவனுக்கு வாய் வரலியே. நான் அவனுக்கு அம்புட்டுத்தான்னு ஆயிப்போச்சே."

'சொல்லியிருந்தா நீங்க என்னப்பா செஞ்சிருப்பீங்க?' என்ற கேள்வி விஜயகுமாரியின் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல கேள்வி. கேட்டால் அப்பாவால் தப்பிக்க முடியாது. அதனாலேயே அதைக் கேட்காமல் விழுங்கினாள். இத்தனை நாள் அவள் நண்பனா நியாயமா என்று பெரிய தராசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மனசில் அந்தத் தராசே இல்லை. சொல்லாமல் போன ஒரு வார்த்தைதான் இருந்தது.

"இதை நாடகத்தில வைக்கட்டுமாப்பா?"

சங்கரலிங்கம் அரிவாளை முருங்கைத் தண்டில் கொத்தி நிறுத்தினார்.

"பேரு போடாத" என்றார். பிறகு, "காப்பியை மோருன்னு மாத்திரு. காப்பின்னா எல்லாவனுக்கும் தெரிஞ்சு போகும்."

அடுக்களை ஜன்னலிலிருந்து இசக்கியம்மாள் குரல் கொடுத்தாள். "ஆமா, மோருன்னா ஒருத்தனுக்கும் தெரியாது பாரு."

விஜயகுமாரி முழுவதையும் புதிதாக எழுதினாள். பதில் சொல்கிறவனுக்குக் கலியன் என்று பேர் வைத்தாள். வேலை, வீடு, முட்டிக்குக் கீழே ஒரு பழைய தழும்பு எல்லாம் கொடுத்தாள். இதையெல்லாம் கொடுத்த பிறகு கலியன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் இரண்டு கேள்விக்கு ஆமாம் என்றான். மூன்றாவதில் நின்றான். ஆமாம் என்று எழுதினால் வாக்கியம் பொய்யாக இளித்தது. கடைசியில் அவளும் அவனை இழுப்பதை விட்டுவிட்டாள். கலியன், "நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க, என் மனசு ஒப்பலை" என்று எழுந்துபோவதோடு முடித்தாள். கருணாகரன் படித்துவிட்டு, "இப்போ இவனுக்கு ஒரு நாடு இருக்கு" என்றார். ஆனால் மேடைக்குக் கதாநாயகன் தழும்போடு வருவது நன்றாக இருக்குமா என்றும் கேட்டார்.

விழாவன்று திறந்தவெளி அரங்கில் நல்ல கூட்டம். கருணாகரன் வருகிறார் என்றால் சிரிக்கலாம் என்று வந்த கூட்டம். முதலில் அவர் உட்கார்ந்த விதத்துக்கே சிரித்தார்கள். விஜயகுமாரி கேட்கக் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, சிரிப்பு குறைந்தது. இதில் எங்கே கதை என்று பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். முன்பக்கம் நாற்காலிகளில் சங்கரலிங்கமும் இசக்கியம்மாளும் இருந்தார்கள். கோபாலகிருஷ்ணனும் பொன்னம்மாளும் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்து அவள் பார்த்தாள்.

மோர் வருகிற இடம் வந்தது. "என் வூட்டு மோரைக் குடிச்சிக்கினு மழையைப் பத்திப் பேசினான். அவனுக்கு நான் அவ்ளோதான்" என்றார் கருணாகரன், கலியனுக்கென்று தானே போட்டுக்கொண்ட கடலூர்ப் பேச்சில். அடுத்து அவர் எழுந்துபோக வேண்டும். போகவில்லை. நாற்காலியிலேயே இருந்துகொண்டு, எழுதியிராத ஒன்றை அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க இவ்வளவு நேரமா கேட்டீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்ச ஒரு விஷயத்தைத் தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட ஏம்மா ஒருத்தன் சொல்ல மாட்டான்? அவன் கெட்டவனும் இல்ல. அப்போ ஏன்?"

விஜயகுமாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் அந்தக் கேள்வியே இல்லை. அரங்கில் எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"எனக்குத் தெரியலை" என்றாள்.

கருணாகரன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். திரை விழுந்ததும் கைதட்டல் அங்கங்கே கேட்டது. நாடகம் முடிந்ததா என்று பலருக்குச் சந்தேகம்.

கூட்டம் கலைந்தபோது சங்கரலிங்கம் சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அம்மா பொன்னம்மாளோடு முன்னால் நடந்துவிட்டாள். விஜயகுமாரி அப்பா பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் வந்தார். தன் சைக்கிளை விட்டுவிட்டு நேராக இவர்களிடம் வந்தார். உயரமான மனிதர். பேசும்போது குனிந்துகொள்வார்.

"அது மோரில்ல அம்மிணி" என்றார் விஜயகுமாரியிடம். "காப்பி."

சங்கரலிங்கம் பூட்டை விடவில்லை.

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லோணும்" என்றார் கோபாலகிருஷ்ணன். இப்போது அவர் சங்கரலிங்கத்தைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்குச் சொல்லோணும்னுதான் வந்தேன். ரேடியோ முடியட்டும்னு பார்த்தேன். முடிஞ்சுது. வாய் வரலை. ஏன்னா, நான் சொல்லியிருந்தா நீ என்ன கேட்டிருப்பே? சொல்லாதடான்னு கேட்டிருப்பியா, மாட்டியா?"

சாவியைத் திருப்புவதும் எடுப்பதுமாக நின்றார் சங்கரலிங்கம். யாரோ சைக்கிளை எடுக்க இடம் கேட்டார்கள். மூன்று பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"கேட்டிருப்பேன்" என்றார்.

"நீ கேட்டா என்னால மாட்டேன்னு சொல்லியிருக்க முடியாதப்பா. உன் வீட்டு வாசல்ல உக்காந்துட்டு முடியவே முடியாது. நான் சரின்னிருப்பேன். மறுநாள் அந்தத் தனகோட்டிக்கு வேலை போயிருக்கும். உனக்குப் பயந்துட்டுத்தான் சொல்லலை. உன்னை அவ்வளவுதான்னு நினைச்சு இல்ல."

சங்கரலிங்கம் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். கோபாலகிருஷ்ணன் போய்த் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வரும்வரை மெதுவாகத் தள்ளினார். விஜயகுமாரி பின்னால் வந்தாள். பிளாக் திருப்பத்தில் கோபாலகிருஷ்ணன், "வரட்டுமா?" என்றார். "ம்" என்றார் சங்கரலிங்கம்.

அதோடு சரியாகிவிட்டது என்று விஜயகுமாரி நினைத்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அப்பா சாப்பிடும்போது பாதியில் நிறுத்தி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு காலை சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "மந்தாரக்குப்பம் வரைக்கும் போயிட்டு வருவோம், நீயும் வா" என்றார்.

"யார் வீட்டுக்குப்பா?"

"தனகோட்டி வீட்டுக்கு. நடுவில பேச்சு நின்னுபோச்சுன்னா ஒரு ஆள் வேணும்லா."

மந்தாரக்குப்பத்தில் கடைவீதிக்குப் பின்னால் வரிசையாக வாடகை வீடுகள். தனகோட்டி லுங்கியோடு வெளியே வந்தவன், இவரைக் கண்டதும் உள்ளே ஓடிப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவன் மனைவி ஆதிலட்சுமி வாசலில் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், இம்மாந்தூரம்? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றான் தனகோட்டி.

"இல்லப்பா, நான்தான் வரணும்" என்றார் சங்கரலிங்கம். நின்றுகொண்டே சொன்னார். "என்கொயரியில நான் பொய் சொன்னேன். உம் பேரு மாட்டும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அதுக்குத்தான் வந்தேன்."

தனகோட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் போன வருசக் கதை சார். வுடுங்க சார்" என்றான்.

"நீ இருய்யா" என்றாள் ஆதிலட்சுமி. கடலையை உரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "நான் ஒண்ணு கேக்கறேங்க. அந்த சாரு வாயத் தொறந்து சொன்னாருங்க, எங்க வூட்டுக்காரருக்கு வேல தங்குச்சு. சொல்லாம வுட்டிருந்தா போயிருக்கும். போயிருந்தா, நீங்க இதுமாரி வந்திருப்பீங்களா?"

விஜயகுமாரி அப்பாவைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவளைக் கூட்டிவந்திருந்தார். அவளுக்கு இரண்டு மூன்று நல்ல வாக்கியங்கள் தோன்றவும் செய்தன. வந்ததே பெரிசில்லையா என்று கேட்கலாம். மனுஷன் மாறமாட்டானா என்று கேட்கலாம். அந்த அம்மாளும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"தெரியலம்மா" என்றார் சங்கரலிங்கம். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வந்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கேன்."

ஆதிலட்சுமியின் கை நின்றது. முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேறு ஏதோ பதிலுக்குத் தயாராக இருந்தவள் போல, அதற்கென்று வைத்திருந்த கோபம் கையிலேயே நின்றுபோனவள் போல இருந்தாள்.

"நா ஒரு மாசம் தூங்கலீங்க. ஆத்தா வூட்டுக்குத் திரும்பிப் போவணும்னு மூட்ட கட்டிக்கினு இருந்தோம்" என்றாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்களே. உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். தனகோட்டிக்கு மாற்று விடுமுறை விதியில் ஒரு சந்தேகம் இருந்தது. அதைச் சங்கரலிங்கத்திடம் கேட்டான். அவர் விளக்கினார். தன் பழைய ஃபோர்மேன் குரலில் விளக்கினார். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆதிலட்சுமி விஜயகுமாரியிடம், பள்ளிக்கூடத்தில் தன் அக்கா பெண் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தாள்.

திரும்பி நடக்கும்போது சங்கரலிங்கம், "அவ சரின்னுட்டாளா இல்லியா?" என்றார்.

"எனக்குத் தெரியலப்பா."

"எனக்கும் பிடிபடல." கொஞ்ச தூரம் நடந்தார். "உன் கிரேக்கக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"சிலது அப்படியே விட்டுடுவாங்க."

"நல்ல ஆளுங்கதான்" என்றார் அவர். கேலியா, நிஜமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

டவுன்ஷிப்புக்குள் வந்து தங்கள் பிளாக்கை நெருங்கியதும், அவர் தங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேராகப் போனார். "நீ வீட்டுக்குப் போ. கோபாலு வீட்டில ஒரு எட்டு பார்த்துட்டு வாரேன். சாப்பாட்டுக்கு வந்துருவேன்னு அம்மாகிட்டச் சொல்லு."

சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. இசக்கியம்மாள் இரண்டு தடவை தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, மகளுக்கு மட்டும் இலையைப் போட்டாள். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் என்ன பேசினார்கள் என்று விஜயகுமாரிக்குக் கடைசிவரை தெரியாது. பின்னாளில் இதையெல்லாம் எழுதிப் பார்க்கலாமா என்று ஒருமுறை நினைத்தாள். மற்ற எல்லாவற்றையும் எழுத முடிந்தது. அந்த மதியத்தை மட்டும் எழுதவில்லை. இரண்டு பேர் வாயிலும் அவளே பேச்சைப் போட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.